வெயில் ஊரில் புதுக் காருக்குப் பிபிஎஃப்: எதைப் பார்த்து வாங்குவது?

தாம்பரத்தான் | தாம்பரம்

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் கருநீல எஸ்யுவி ஒன்று வீட்டுக்கு வரவிருக்கிறது. வேலை ஒரகடத்தில். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகளுக்குப் பின்னால்தான் தினமும் போக வேண்டும். தார்ப்பாய் மூடாத லாரிகளும் நிறைய. அலுவலகத்தில் கார் நிறுத்தும் இடத்துக்குக் கூரை கிடையாது. காலை முதல் மாலை வரை வண்டி வெயிலிலேயே நிற்கும்.

பெயின்டைக் காப்பாற்றப் பிபிஎஃப், அதாவது பெயின்டின் மேல் ஒட்டும் நிறமற்ற காப்பு ஃபிலிம், ஒட்டலாம் என்று விசாரித்தேன். ஒரு கடையில் முழு வண்டிக்கும் 45,000 ரூபாய் என்கிறார்கள். இன்னொரு கடையில் 1,60,000 ரூபாய். இரண்டு இடத்திலும் ஒரே பேச்சு: "நம் ஊர் வெயிலுக்கு ஒன்றும் ஆகாது, மஞ்சளாகாது, எழுதித் தருகிறோம்." மாதிரித் துண்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே பளபளப்பு. கனம் எட்டு மில், பத்து மில் என்கிறார்கள், உத்தரவாதம் ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்கிறார்கள். இதில் எதை நம்பிப் பணம் கொடுப்பது? கோடையில் வண்டியை வெளியில் நிறுத்துபவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நொய்யல் | கோயம்புத்தூர்

தம்பி, நான் இந்த வேலையில் இருப்பவன். அந்த 45,000 ரூபாய்க் கடைக்காரர் காட்டியது பெரும்பாலும் டிபிஎச் என்னும் மலிவு வகையாகத்தான் இருக்கும். அதைவிட உயர்ந்த டிபியு வகை ஃபிலிமை அந்த விலைக்கு முழு வண்டிக்கு ஒட்டவே முடியாது. ரோலின் கொள்முதல் விலையே இடம் தராது. இன்னொரு கடைக்காரரிடம், "பில்லில் டிபியு என்று எழுதி, நிறுவனத்தின் பெயரையும் ரோல் எண்ணையும் போட்டுத் தருவீர்களா?" என்று கேளுங்கள். தயங்கினால் கிளம்பி வந்துவிடுங்கள்.

ஒரு ரோல் ஐந்து அடி அகலம், ஐம்பது அடி நீளம். உங்கள் அளவு வண்டிக்கு ஏறக்குறைய ஒரு முழு ரோல் போய்விடும். பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பெட்டியிலும் உள்ளே இருக்கும் குழாயிலும் உள்ள எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு வண்டிகளில் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து ஒட்டும் வழக்கமும் சந்தையில் இருக்கிறது. முதல் நாள் தெரியாது, நாளானால் பானெட்டும் அதன் பக்கத்து ஃபெண்டர் தகடும் வேறுவேறு சாயலில் நிற்கும்.

கிண்டி பாலிமர் | சென்னை

நொய்யல் சொன்னதன் காரணத்தை விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வெயில் ஊரில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். என் தொழில் பிளாஸ்டிக் சோதனை.

கடைகளில் டிபிஎச் என்று விற்பவை பெரும்பாலும் மிருதுவாக்கி கலந்த பிவிசி. பிவிசி தன் இயல்பில் விறைப்பானது. வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதனால் ஆனதுதான். அது வளைந்து படிய வேண்டுமென்றால் எண்ணெய் போன்ற மிருதுவாக்கிகளைச் சேர்த்தாக வேண்டும். மே மாதத்து நண்பகலில் கருநிறப் பானெட்டின் மேற்பரப்பு 70 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் மிருதுவாக்கி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஃபிலிம் சுருங்கும், விறைக்கும், ஓரம் தூக்கும், பிறகு வெடிக்கும். குளிர்நாட்டில் சில ஆண்டுகள் தாங்கும் பொருள் இங்கே அதற்கு முன்பே கெட்டுவிடும்.

டிபியு என்பது தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன். இதற்கு மிருதுவாக்கி தேவையில்லை. மூலக்கூற்றின் அமைப்பிலேயே மீள்தன்மை இருக்கிறது. 1960களில் வியட்நாம் போரின்போது ஹெலிகாப்டர் இறக்கைகளின் விளிம்பை மணலும் சிதறல்களும் அரித்தபோது, அமெரிக்க இராணுவத்துக்காகப் பாலியூரித்தேன் நாடாவை ஒட்டத் தொடங்கியதிலிருந்து வந்த வழிதான் இன்றைய பிபிஎஃப். கல்லடியைத் தாங்குவது அதன் பிறவிக்குணம்.

ஆனால் "டிபியு" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடாதீர்கள். அதில் அரோமாட்டிக், அலிஃபாட்டிக் என்று இரண்டு குடும்பங்கள் உண்டு. அரோமாட்டிக் வகையில் பென்சீன் வளையம் இருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சள் நிறம் தரும் அமைப்பாக மாறிவிடும். கண்ணாடிபோல் தெளிவாக வாங்கிய மொபைல் உறை சில மாதங்களில் மஞ்சளாவதை எல்லோரும் பார்த்திருப்போம். அலிஃபாட்டிக் வகையில் அந்த வளையம் இல்லை. காருக்கு அலிஃபாட்டிக் மட்டுமே வேண்டும். கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் இருக்கும்; கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கடலோரத்துக்கு இன்னொரு செய்தி. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சாதாரண பாலியெஸ்டர் வகை டிபியுவின் சங்கிலிகள் தண்ணீரால் உடையும். பாலிகாப்ரோலாக்டோன் அடிப்படையில் செய்த டிபியு இதை நன்றாகத் தாங்கும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற ஊர்க்காரர்கள் தாளில் இந்தச் சொல்லைத் தேடுங்கள்.

முத்துநகர் | தூத்துக்குடி

கிண்டி சாருக்கு மிகவும் நன்றி. எங்கள் ஊரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதால் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

என் கணவரின் கறுப்புக் காரில் நல்ல டிபியு ஃபிலிம்தான் ஒட்டியிருக்கிறோம். மஞ்சளாகவில்லை, ஓரமும் தூக்கவில்லை. ஆனால் தண்ணீர்த் தடம் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். கழுவிய பின் துடைக்காமல் வெயிலில் விட்டால் ஒவ்வொரு துளியும் வெள்ளை வளையமாகக் காய்ந்துவிடுகிறது. உடனே துடைத்தால் போகும். சில நாள் விட்டால் ஃபிலிமின் மேல்பூச்சிலேயே பதிந்து நிற்கிறது, பிறகு ஷாம்பு போட்டாலும் போவதில்லை. உத்தரவாதத் தாளை எடுத்துப் பார்த்தால் மஞ்சளாதல், வெடித்தல், உரிதல் எல்லாம் இருக்கின்றன. நீர்த்தடத்தை வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறார்கள். பத்து ஆண்டு என்ற பெரிய எழுத்தை மட்டும் பார்க்காமல், விலக்குகள் இருக்கும் பகுதியை முதலில் படியுங்கள்.

காக்கை எச்சமும் அப்படித்தான். வேப்பமர நிழல் என்று மரத்தடியில் நிறுத்தினால் மேலே பறவைகள் இருக்கும். எச்சம் விழுந்த அன்றே ஈரத்துணியை அதன்மேல் கொஞ்ச நேரம் போட்டு ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். காய்ந்ததைச் சுரண்டக் கூடாது.

மேலமாசி | மதுரை

நான் கார் பெயின்ட் வேலை செய்பவன். எல்லோரும் ஃபிலிமைப் பற்றியே பேசுகிறீர்கள், அதன் அடியில் இருக்கும் பெயின்டைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம்.

தொழிற்சாலைப் பெயின்ட் என்பது அடிப்பூச்சு முதல் கிளியர் கோட் என்னும் நிறமற்ற மேல்பூச்சு வரை சேர்த்தாலே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான் வரை. தொழிற்சாலையில் வெறும் தகட்டுக்கு அடித்து 140 டிகிரி அளவில் சுடுகிறார்கள். நாங்கள் பட்டறையில் அடிப்பதை 60 டிகிரி அளவில்தான் சூடாக்க முடியும், ஏனென்றால் வண்டியில் பிளாஸ்டிக்கும் வயரும் ரப்பரும் இருக்கின்றன. அதனால் கம்பெனிப் பெயின்டைக் காப்பது நியாயமான ஆசைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் முழு வண்டிக்கும் ஏன்? கல் எங்கே அடிக்கிறது என்று பாருங்கள். முன் பம்பர், பானெட், முன் ஃபெண்டர், பக்கக் கண்ணாடி மூடிகள், சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கீழ்ப்பக்கம், கதவு விளிம்பு, கைப்பிடிக் குழி. பின் கதவிலும் டிக்கியிலும் கல்லடிபட்டுப் பெயின்ட் பெயர்ந்து என்னிடம் வந்த வண்டிகள் மிகக் குறைவு. முன்பகுதிக்கு மட்டும் முதல்தரமான ஃபிலிம் ஒட்டினால், முழு வண்டிக்கு இரண்டாம் தரம் ஒட்டுவதைவிடப் பல மடங்கு மேல். மீதிப் பணத்தை வீட்டில் ஒரு தகரக் கூரைக்குப் போடலாம்.

இன்னொன்று மிக அவசியம். ஃபிலிம் ஒட்டுமுன் பெயின்ட் கனம் அளக்கும் கருவியால் ஒவ்வொரு பேனலையும் பார்க்கச் சொல்லுங்கள். புது வண்டிதானே என்று விடாதீர்கள். லாரியில் வரும்போதோ யார்டிலோ கீறல் பட்டு, டெலிவரிக்கு முன்பே மறுபூச்சு அடித்த பேனல் இருக்கக்கூடும். ஒரு பேனல் மட்டும் 250, 300 மைக்ரான் காட்டினால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஃபிலிம் ஒட்டி, சில ஆண்டுகள் கழித்து உரித்தால் ஃபிலிமோடு கிளியர் கோட்டும் பெயர்ந்து வரும் ஆபத்து உண்டு. புதிதாக மறுபூச்சு அடித்திருந்தால் குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் அதற்கு மேலும் காத்திருங்கள். உள்ளே இருக்கும் தின்னர் முழுவதும் வெளியேறாமல் மூடிவிட்டால் கொப்புளம் வரும்.

தேரா வாசி | துபாய்

இங்கே ஜூலை, ஆகஸ்டில் 45 டிகிரி என்பது சாதாரணம், கூடவே கடலோரப் புழுக்கம். வெயில் பற்றிய கேள்வி என்பதால் எழுதுகிறேன்.

வண்டியின் எல்லாப் பகுதியிலும் ஃபிலிம் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. பானெட், கூரை, டிக்கியின் மேல்தளம் ஆகிய படுக்கைப் பரப்புகள்தான் முதலில் போகும். கதவுகள் அவற்றைவிட நீண்ட காலம் நன்றாக இருக்கும். எனவே பழைய வேலையைப் பார்க்கப் போனால் கதவைப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். கடைக்காரர் இரண்டு கோடை தாண்டிய வண்டி ஒன்றைக் காட்டட்டும். அதன் பானெட்டையும் கூரையையும் வெயிலில் நிறுத்திப் பாருங்கள்.

வெள்ளைக் காரில் மஞ்சள் உடனே கண்ணுக்குத் தெரியும். தாம்பரத்துத் தம்பியின் கருநீலத்தில் மஞ்சள் அவ்வளவு தெரியாது, ஆனால் மங்கலும் நீர்த்தடமும் தடவிய கோடுகளும் எல்லாம் தெரியும். அடர்நிறம் சூடும் அதிகம் வாங்கும். ஆக உங்களுக்கு மஞ்சளாதலைவிட மேல்பூச்சின் தரமும் பசையின் தரமும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

மணற்காற்று அடித்த மறுநாள் உலர்ந்த துணியால் துடைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இறக்கிவிட்டுத்தான் துணி வைக்க வேண்டும். உங்கள் ஊர் எம்-சாண்ட் தூசிக்கும் இது அப்படியே பொருந்தும்.

தாம்பரத்தான் | தாம்பரம்

இவ்வளவு அக்கறையாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. இன்னும் சில ஐயங்கள். எட்டு மில்லைவிடப் பத்து மில் நல்லதா? கீறல் தானாக ஆறும் என்பது உண்மையா? இதற்கெல்லாம் பதிலாகச் செராமிக் கோட்டிங் போதும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அப்புறம், கடைக்காரர் கொடுக்கும் மாதிரித் துண்டு பிவிசியா டிபியுவா என்று நானே கண்டுபிடிக்க வழி உண்டா?

கிண்டி பாலிமர் | சென்னை

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். துண்டை இரு விரல்களுக்கு இடையில் நன்றாக இழுத்து விடுங்கள். டிபியு பெரும்பாலும் பழைய நீளத்துக்குத் திரும்பும். பிவிசி இழுத்த இடத்தில் தளர்ந்து நிற்கும். இதைவிட உறுதியான வழி பள்ளி ஆய்வகத்திலேயே உண்டு. செம்புக் கம்பியை அடுப்புச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, துண்டின் மேல் தொட்டு, மீண்டும் சுடரில் பிடியுங்கள். சுடர் பச்சையாக மாறினால் அதில் குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி. பசை பக்கத்தைத் தொடாமல் மேல்பக்கத்தைத் தொடுங்கள். மொட்டை மாடியிலோ வாசலிலோ செய்யுங்கள். அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது.

கனம்: ஒரு மில் என்றால் 25.4 மைக்ரான். எட்டு மில் சுமார் 200 மைக்ரான், கம்பெனிப் பெயின்டின் மொத்தக் கனத்தைவிட அதிகம். கனம் கூடினால் கல்லடியைத் தாங்கும் வலு கூடும், வெயிலைத் தாங்கும் வலு கூடாது. சில கடைகளில் மேலே ஒட்டியிருக்கும் காப்புத்தாளையும் அடியில் இருக்கும் உரிதாளையும் சேர்த்து மில் சொல்கிறார்கள். "ஒட்டிய பிறகு காரில் நிற்கும் கனம் எவ்வளவு?" என்று கேளுங்கள். மிகக் கனமான ஃபிலிம் பம்பரின் வளைவுகளில் படிய மறுக்கும், ஓரம் தூக்கும் வாய்ப்பும் அதிகம். உங்களுக்கு ஏழரை முதல் எட்டரை மில் போதும் என்பது என் கருத்து.

கீறல் ஆறுவது உண்மைதான், ஆனால் மேல்பூச்சில் பட்ட மெல்லிய கோடுகள் மட்டும். வெந்நீர் ஊற்றினால் மறையும். நம் ஊரில் வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும். ஃபிலிமைக் கிழித்து உள்ளே போன வெட்டு ஆறாது.

செராமிக் கோட்டிங் ஒன்றிரண்டு மைக்ரான் அளவுதான். தண்ணீர் உருண்டோடும், அழுக்கு எளிதில் போகும், பளபளப்பு நிற்கும். ஜல்லிக் கல்லை அது தடுக்காது. டிப்பர் லாரிக்குப் பின்னால் போகும் உங்களுக்கு அது மாற்று ஆகாது.

தயாரிப்பாளர்கள் வெயில் சோதனை முடிவு என்று ஏதாவது தருவார்கள். ஏஎஸ்டிஎம் ஜி154 என்று இருந்தால் அது புற ஊதா விளக்கின் கீழ் வைத்துச் செய்த சோதனை. எத்தனை மணி நேரம், எந்த வெப்பநிலை, இறுதியில் மஞ்சள் குறியீடு எவ்வளவு கூடியது என்ற மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் அதற்குப் பொருள். மணிக்கணக்கை மட்டும் போட்டிருந்தால் அது விளம்பரம்.

நொய்யல் | கோயம்புத்தூர்

ஃபிலிம் எது என்பதைப் பாதி வேலை என்றுதான் சொல்வேன். மீதிப் பாதி ஒட்டும் கையும் ஒட்டும் அறையும். இதை என் தொழில் என்பதால் சொல்லவில்லை. அருமையான ஃபிலிமைக் கெடுத்து வைத்த வண்டிகள் எங்களிடம் உரிக்க வரும்போது மனம் வேதனைப்படுகிறது.

ஃபிலிமை ஒட்டும்போது குழந்தை ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளித்து அதன்மேல் மிதக்கவிட்டு நகர்த்துகிறோம். இடம் சரியானதும் ஸ்க்வீஜி என்னும் பட்டையால் தண்ணீரைத் தள்ளுகிறோம். பிடிக்க வேண்டிய ஓரங்களில் ஆல்கஹால் கலந்த தண்ணீர் அடிக்கிறோம். வெயில் காலத்தில் தகரக் கொட்டகையில் இதைச் செய்தால் என்ன ஆகும்? பேனல் சூடாக இருக்கும், தண்ணீர் நொடியில் காயும், பசை நினைக்காத இடத்தில் பிடித்துக்கொள்ளும். பிடித்ததைப் பிடுங்கி மறுபடி வைத்தால் பசையில் கோடு விழும். அந்தக் கோடு கடைசி வரை போகாது. வேகமாக முடிக்க இழுத்து ஒட்டினால் இன்னும் மோசம்: இழுத்த இடத்தில் கனம் குறைகிறது, வெயில் ஏறும்போது ஃபிலிம் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், ஓரம் தூக்கிக்கொள்ளும். "வெயிலில் உரிந்துவிட்டது" என்று ஃபிலிமைப் பழிக்கும் பலருக்கு உண்மையில் நடந்தது இதுதான்.

அதனால் கடையின் அறையைப் போய்ப் பாருங்கள். ஏசி இருக்கிறதா, கதவு மூடுகிறதா, தூசி எழாமல் தரை ஈரமாக இருக்கிறதா, பக்கத்திலேயே பாலிஷ் மெஷின் ஓடித் தூசி பறக்கிறதா என்று பாருங்கள். வண்டியை உள்ளே விட்டு முழுவதும் ஆற வைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

வெட்டும் முறையையும் கேளுங்கள். கணினியில் உங்கள் மாடலின் அளவை எடுத்து, பிளாட்டர் என்னும் இயந்திரத்தில் முன்பே வெட்டி ஒட்டுவது ஒரு முறை. வண்டியின் மேல் வைத்துக் கத்தியால் வெட்டுவது மற்றொரு முறை. கையில் வெட்டுபவர்களில் பெரிய கைகாரர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் கிளியர் கோட்டில் கோடு விழும். தகடு வரை போய்விட்டால் பிற்பாடு அந்த இடத்தில் துரு வரும். முன்பே வெட்டி ஒட்டுவதற்குத்தான் என் ஓட்டு. பானெட் ஓரத்தில் ஃபிலிமை உள்பக்கம் மடித்து ஒட்டித் தருவார்களா என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஒட்டியபின் ஒரு வாரம் கழுவாதீர்கள். தண்ணீர்க் குமிழ்கள் சில இருக்கும், வெயிலில் தாமாகவே வற்றிவிடும். அதில் நம் ஊர் வெயில் நமக்கு நண்பன். உள்ளே தூசியோ முடியோ இருந்தால் அது போகாது, டெலிவரி எடுக்கும்போதே காட்டிச் சரிசெய்ய வேண்டும்.

மேலமாசியிடம் ஒரு மாற்றுக் கருத்து. முன்பகுதி மட்டும் போதும் என்பது கல்லடிக்குச் சரி. இவருடைய வண்டி நாள் முழுவதும் வெயிலில் நிற்கிறது, மேலே பறவை எச்சம் விழுகிறது. கூரையையும் சேர்த்தால்தான் பொருத்தம்.

மேலமாசி | மதுரை

கூரைக்கு ஒட்டினால் அந்தக் கூரை ஃபிலிம்தான் முதலில் கெடும் என்று துபாய்க்காரர் மேலே எழுதியிருக்கிறாரே. கெட்டதை உரிக்கும் செலவையும் யார் தருவது? நல்ல வாக்ஸும் நிழலும் கூரைக்குப் போதும். இதில் நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

உரிப்பது பற்றி யாரும் எழுதவில்லை, ஆகையால் நான் எழுதிவிடுகிறேன். காலம் முடிந்த ஃபிலிமை "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்று விடாதீர்கள். வெயிலில் வெந்து போன ஃபிலிம் துண்டு துண்டாகப் பிய்யும், பசை முழுவதும் பெயின்டில் தங்கும். மங்கலோ வெடிப்போ தெரிந்ததும் நீராவியோ ஹீட் கன்னோ வைத்து மெதுவாக, பேனலோடு ஒட்டிய கோணத்தில் இழுத்து எடுத்துவிட வேண்டும். குளிர்ந்த பேனலில் நேராக மேலே பிடுங்குவது பெயின்டுக்கு ஆபத்து.

முத்துநகர் | தூத்துக்குடி

தம்பி, கறுப்பிலோ சாம்பலிலோ மேட் ஃபிலிம், நிறம் மாற்றும் ஃபிலிம் என்று யாராவது ஆசை காட்டினால் யோசியுங்கள். நிறம் மாறினால் ஆர்சியில் இருக்கும் நிறத்தோடு பொருந்தாது, ஆர்டிஓவில் பதிய வேண்டியிருக்கும். நிறமற்ற ஃபிலிமுக்கு அந்தத் தொல்லை இல்லை.

தாம்பரத்தான் | தாம்பரம்

முடிவுக்கு வந்துவிட்டேன். முன் பம்பர், பானெட் முழுவதும், இரண்டு முன் ஃபெண்டர்கள், கண்ணாடி மூடிகள், கீழ்ப்பக்க ஓரங்கள், கதவு விளிம்புகள் ஆகியவற்றுக்கு அலிஃபாட்டிக் டிபியு. கூரையைப் பற்றி நொய்யல் அண்ணனும் மேலமாசி அண்ணனும் சொன்ன இரண்டையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கோடை பார்த்துவிட்டு ஒட்டலாம் என்று தோன்றுகிறது. எக்ஸ்பெல், சன்டெக், கார்வாரே ஆகிய மூன்று பிராண்டு ஃபிலிம்களின் தொழில்நுட்பத் தாள்களையும் கேட்டிருக்கிறேன். நுங்கம்பாக்கத்தில் ஒரு கடையின் அறை ஏசியோடு சுத்தமாக இருந்தது. இரண்டு கோடை தாண்டிய ஒரு வண்டியின் பானெட்டையும் காட்டினார்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஷோரூமில் டெலிவரிக்கு முன் பெயின்டுக்கு டெஃப்லான் கோட்டிங் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். ஃபிலிமுக்கு அடியில் அதுவும் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு ஆகுமா?

நொய்யல் | கோயம்புத்தூர்

வேண்டவே வேண்டாம். கோட்டிங், வாக்ஸ், பாலிஷ் எதுவும் போடக் கூடாது என்று ஷோரூமில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அந்தப் பூச்சின்மேல் பசை சரியாகப் பிடிக்காது, ஓரங்களில்தான் முதலில் தெரியும். போட்டுவிட்டால் நாங்கள் அதை மெஷினால் தேய்த்து எடுக்க வேண்டும், அதில் உங்கள் கிளியர் கோட்டும் கொஞ்சம் போகும். டெலிவரி எடுத்து நேராகக் கடைக்கு ஓட்டிப் போங்கள்; வழியில் டிப்பர் லாரி வந்தால் இடைவெளி விட்டே போங்கள். செராமிக் மேல் ஆசை இருந்தால் ஃபிலிம் ஒட்டி முடித்து, ஓரிரு வாரம் கழித்து அதன் மேல் போட்டுக்கொள்ளலாம். முத்துநகர் அம்மா சொன்ன நீர்த்தடத்துக்கு அது ஓரளவு கைகொடுக்கும்.